கேட்கப்படாத விருப்பம்

கடையத்தின் தெருத் திண்ணைகளில், பிற்பகல் வேளையில், மூதாட்டியர் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றுவது பழகிய காட்சி. விரல்கள் ஓடும்வரை வீட்டுக் கணக்கில் அவர்களுக்கு ஓர் இடம் உண்டு. விரல்கள் ஓய்ந்தபின் அவ்விடம் என்னவாகிறது? 2019இல் வெளிவந்த ‘கே.டி. (எ) கருப்புதுரை’ என்னும் திரைப்படம் எழுப்பும் வினா இதுவே.

மதுமிதா இயக்கிய இப்படத்தில், மூன்று மாதமாக நினைவிழந்து கிடந்த எண்பது வயதுக் கருப்புதுரை கண்விழிக்கிறார். தமக்குத் ‘தலைக்கூத்தல்’ நடத்தப் பிள்ளைகள் திட்டமிடுவது அவர் செவியில் விழுகிறது. உயிர் பிழைக்கச் சொந்த வீட்டைவிட்டே ஓடுகிறார். தென்மாவட்டங்களின் சில ஊர்களில் மறைவாக நிகழ்ந்துவந்த அக்கொடுமையின் முறைகளை விரித்துரைக்கத் தேவையில்லை. அதைச் செய்வோர் கொலை என்று சொல்வதில்லை. கிடந்து துன்புற வேண்டாம் என்று இரக்கத்தின் சொற்களில் பேசுகின்றனர். அப்பேச்சில் செலவும் சொத்தும் இடம்பெறுகின்றன. படுத்திருப்பவரின் விருப்பத்தை மட்டும் எவரும் கேட்பதில்லை.

அதைக் கேட்பவன் கோயிலில் வளரும் குட்டி என்னும் ஆதரவற்ற சிறுவன். பெரியவரின் ஆசைகளை அவன் பட்டியலிடுகிறான். பிரியாணி மீது அவருக்குள்ள தீராத விருப்பம் நகைப்பூட்டுகிறது. எனினும் முதியவருக்கு நாவும் நினைவும் முதுமையடைவதில்லை என்பதை அந்நகைப்பே உணர்த்துகிறது. பெரியவராக நாடகப் பேராசிரியர் மு. இராமசாமி நடித்துள்ளார். குட்டியாக நடித்த நாக விஷால் தேசிய விருது பெற்றார்.

படத்தில் ஒரு குறையும் உண்டு. பிள்ளைகள் சொத்தாசை கொண்டவர்களாகவே காட்டப்படுவதால், பார்ப்பவர் அவர்களை வெறுத்துவிட்டுத் தம்மை நல்லவராக எண்ணிக்கொள்ள இயலும். பிரியா கிருஷ்ணசாமி இயக்கிய ‘பாரம்’ அந்த வசதியைத் தருவதில்லை. அதில் இடுப்பெலும்பு முறிந்த இரவுக் காவலாளி ஒருவரை மகன் ஊருக்கு அழைத்துச் செல்கிறான். சில நாள்களில் அவர் இறந்துபோகிறார். வறுமையும் பராமரிப்பின் சுமையும் அங்கே மெய்யானவை. ஆயினும் அவை கொலையை நியாயமாக்குவதில்லை.

முதியவரே இசைந்தால் என்ன என்று கேட்கலாம். ஷோஹெய் இமாமுரா இயக்கி, 1983இல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதைப் பெற்ற ‘நரயாமாவின் கதைப்பாடல்’ என்னும் சப்பானியப் படத்தில், எழுபதை எட்டும் தாய், ஊர் வழக்கப்படி, தன்னை மலையில் விட்டுவருமாறு மகனைத் தானே தூண்டுகிறாள். பற்கள் உறுதியாக இருப்பதற்கே நாணி அவற்றை உடைத்துக்கொள்கிறாள். உண்ணும் சோற்றுக்கே வெட்கப்படும்படி வளர்க்கப்பட்ட ஒருத்தியின் இசைவை விருப்பம் என்று கொள்ள இயலாது.

இந்தியாவில் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. புறக்கணிக்கப்பட்ட பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கோரித் தீர்ப்பாயத்தை நாடலாம். அவர்களால் இயலாதபோது, அவர்கள் ஒப்புதலளித்த வேறொருவர் விண்ணப்பிக்கவும் அச்சட்டத்தில் இடமுண்டு. ஆனால் தெருவெல்லாம் உறவாக உள்ள ஊரில், அடுத்த வீட்டாருக்கு எதிராக அந்த வேறொருவராக முன்வருவது எளிதன்று. ‘பாரம்’ படத்தில் இறந்தவரின் தங்கை மகன் முன்வருகிறான். ஊர் அவனுக்குத் துணைநிற்கவில்லை.