முகாமுக்குப் போவது பிள்ளை மட்டுமா?



செலாயாங்கில் வளர்ந்தவர்களுக்குப் பத்துமலை பக்கத்து வீடு மாதிரி. தைப்பூசம் நெருங்கும்போது எங்கள் அடுக்குமாடியில் யார் வீட்டில் காவடி என்பது ஒரு மாதத்துக்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்துவிடும். அந்த வீட்டில் மீன் குழம்பு வாடை நின்றுவிடும். காவடி எடுப்பவர் தரையில் பாய் விரித்துப் படுப்பார். அவருக்கென்று அம்மா தனியாகச் சமைப்பார். பூசத்தன்று தம்பி தண்ணீர்ப் போத்தலோடு பக்கத்தில் நடப்பான். இடையில் உட்கார வைக்க முக்காலியைத் தூக்கிக்கொண்டு மாமா பின்னால் வருவார். 272 படிகளை ஏறுபவர் ஒருவர்தான். ஆனால், அதற்குத் தயாராவது முழுக் குடும்பமும்.

வெயிலும் சுமையும் களைப்பும் சேர்ந்து வரும்போது ஓர் உடலை எப்படித் தயார்ப்படுத்துவது என்பதை நன்றாக அறிந்த சமூகம் நாம். அப்படியிருந்தும், இடைநிலைப்பள்ளியில் படிக்கும் நம் பிள்ளை வாத்தியக் குழு முகாமுக்குக் கிளம்பும்போது மட்டும் அதைத் தனியாகவே கிளம்ப விடுகிறோம். அல்லது போகவே விடுவதில்லை. இந்த இரண்டும் தவறு என்பதே இக்கட்டுரையின் வழி நான் சொல்ல வரும் கருத்து.

முகாம் என்பது என்ன?

அமெரிக்காவில் உயர்நிலைப்பள்ளி வாத்தியக் குழுக்கள் கோடை விடுமுறையின் இறுதியில், புதிய பள்ளியாண்டு தொடங்கும் வேளையில், முகாம் நடத்துவது நெடுங்கால வழக்கம். நமக்குக் கோடை என்று தனிப்பருவம் கிடையாது. பன்னிரண்டு மாதமும் வெயில்தான். ஆகவே, நம் பள்ளிகளில் இது தவணை விடுமுறையில் நடக்கிறது. பெரும்பாலும் மூன்று நான்கு நாள்கள். பள்ளியிலேயே தங்க வேண்டும். காலையில் திடலில் அணிநடை, மதியம் வகுப்பறையில் வாத்தியப் பயிற்சி, மாலையில் மீண்டும் திடல், இரவில் மண்டபத்தில் கூட்டு வாசிப்பு.

பார்ப்பவர்களுக்கு இது விளையாட்டு போலத் தெரியலாம். ஒரே அளவில் எட்டு அடி எடுத்து வைத்தால் சரியாக ஐந்து கஜத்தைக் கடந்திருக்க வேண்டும் என்பது அணிநடையில் பரவலாக உள்ள கணக்கு. அதாவது, ஓர் அடிக்கு ஏறத்தாழ 57 சென்டிமீட்டர். உயரமானவனும் குட்டையானவளும் அதே அடியைத்தான் வைக்க வேண்டும். அதோடு மூச்சைப் பிடித்து ஊத வேண்டும், பக்கத்து வரிசையைக் கடைக்கண்ணால் பார்க்க வேண்டும், வாசிக்க வேண்டியதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு மணி நேரப் பயிற்சியில் இது வராது. அதனால்தான் முகாம். முகாமுக்கு வராத பிள்ளைக்கு வரிசையில் இடம் கிடைப்பது அரிது.

அப்பா கையெழுத்துப் போடாத ஆண்டு

2008-ஆம் ஆண்டு ஜூன் விடுமுறை. நான் படிவம் 1 மாணவி. கிளாரினெட் பிடிக்கக் கற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. முகாமுக்கான அனுமதிக் கடிதத்தை அப்பாவிடம் நீட்டினேன். லோரி ஓட்டிவிட்டு வந்த களைப்பில் அதை ஒரு பார்வை பார்த்தார்.

“பொட்டப் புள்ளைய மூணு ராத்திரி வெளிய விடுறதா? பாட்டுக் கத்துக்க ராத்திரி எதுக்கு?”

கடிதம் மடிக்கப்பட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் போனது. அத்துடன் முடிந்தது. என் வகுப்புத் தோழி ஒருத்தி, என்னைவிடப் பல மடங்கு திறமையான மேளக்காரி. அவள் வீட்டிலும் அதே கதைதான். விடுமுறை முடிந்து திரும்பியபோது எங்கள் இருவருக்கும் அணிவகுப்பில் இடம் இல்லை. நான் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தேன். அவள் விலகிவிட்டாள்.

மறு ஆண்டும் அதே கடிதம் வந்தது. இம்முறை கூடவே ஓர் அக்காவும் வந்தார். எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவி. அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். விடுமுறைக்கு வீடு திரும்பியவர், ஒரு மாலை வேளையில் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அம்மா போட்டுக் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே பேசினார். பெண்பிள்ளைகள் படுப்பது நூல்நிலையத்தில். இரண்டு ஆசிரியைகள் அங்கேயே தங்குவார்கள். கதவுச் சாவி அவர்களிடம்தான் இருக்கும். மாட்டிறைச்சி சமைக்க மாட்டார்கள். இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு உண்டு. இவற்றில் ஒன்றுகூட அந்தக் கடிதத்தில் இல்லை. அதில் இருந்ததெல்லாம் தேதி, கட்டணம், கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியல் மட்டுமே.

கடைசியாக அப்பா, “இந்த வெள்ளைக்காரன் வாத்தியத்தக் கத்து என்னம்மா பண்றது?” என்று கேட்டார். அந்த அக்கா சிரித்துக்கொண்டே, “அங்கிள், ‘டூயட்’ படம் பாத்திருக்கீங்களா?” என்றார். அப்பாவுக்கு உயிரான படம் அது. 1994-இல் வெளிவந்த அப்படத்தில் சாக்சபோன் வாசித்தவர் கத்ரி கோபால்நாத். அவர் நாகசுரக் கலைஞரின் மகன். மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் சாக்சபோன் ஒலியைக் கேட்டு மயங்கி, அதைக் கருநாடக இசைக்கே கொண்டுவந்தவர். முத்துசாமி தீட்சிதர்கூட ஆங்கிலேயப் படையினரின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குப் பாடல்கள் இயற்றியவர்தாம். மலாய்மொழியில் வாத்தியக் குழுவுக்குப் ‘பஞ்சராகாம்’ என்று பெயர். அதில் உள்ள ராகம் நம் காதுக்கு அந்நியமன்று.

அப்பா கையெழுத்துப் போட்டார். ஆனால், கதை அங்கே முடியவில்லை. அனுமதி வேறு, தயாரிப்பு வேறு என்பதை இரண்டாம் நாள் காலையிலேயே தெரிந்துகொண்டேன். வீட்டில் எனக்குப் பசியாறும் பழக்கமே கிடையாது. முகாமிலும் வெறும் மைலோவைக் குடித்துவிட்டுத் திடலுக்குப் போனேன். பத்து மணி வாக்கில் கண் இருட்டியது. கிளாரினெட்டோடு புல்தரையில் விழுந்தேன். குற்றம் யாருடையதும் அன்று. தயாராக வேண்டும் என்பது எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

இன்று வெயில் இன்னும் கடுமையாகிவிட்டது. 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில் கிளந்தானில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் வெப்பத் தாக்கத்தால் உயிரிழந்த செய்தி நம் எல்லாரையும் உலுக்கியது. ஓரிடத்தில் தொடர்ந்து மூன்று நாள்கள் உச்ச வெப்பநிலை 35 முதல் 37 பாகை செல்சியஸ் வரை இருந்தால், வானிலை ஆய்வுத் துறை அதை முதல் நிலை எச்சரிக்கை என அறிவிக்கிறது. முகாம் நடக்கும் வாரத்தில் பெற்றோர் இந்த அறிவிப்பைக் கவனிப்பதும், திடல் பயிற்சி எந்த நேரத்துக்கு மாற்றப்படும் என்று பள்ளியைக் கேட்பதும் அவர்களின் உரிமை. அது குறை கூறுவது ஆகாது.

உடல் வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். ஆகவே, முகாமுக்கு முந்தைய நாள் பையை அடுக்குவது தயாரிப்பு ஆகாது. இரண்டு வாரத்துக்கு முன்பிருந்தே பிள்ளை மாலையில் அரை மணி நேரமாவது வெளியே வேகமாக நடக்கட்டும். இரவு பன்னிரண்டு மணி வரை கைப்பேசியில் மூழ்கியிருக்கும் பழக்கம் அந்த இரண்டு வாரமாவது நிற்கட்டும். காலையில் இரண்டு ரொட்டித் துண்டாவது சாப்பிட வைத்துப் பழக்குங்கள். திடலில் தாகம் எடுக்கும்வரை காத்திராமல், பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதைச் சொல்லி அனுப்புங்கள். புதுக் காலணி வாங்கித் தந்து அனுப்பாதீர்கள். முதல் நாளிலேயே குதிகாலில் கொப்புளம் வந்துவிடும். காலுக்குப் பழகிய காலணியும் நிறைய காலுறைகளும் போதும்.

அடுத்து, நாம் பேசத் தயங்கும் ஒன்று. மருத்துவப் படிவத்தில் உண்மையை எழுதுங்கள். ஆஸ்துமா, ஒவ்வாமை, சிறு வயதில் வந்த வலிப்பு ஆகியவற்றை மறைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதிலும் பெண்பிள்ளை என்றால், ‘நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது யாராவது சொல்லிவிடுவார்களோ’ என்று அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறோம். வெயிலில் பிள்ளை விழும்போது தூக்குகிற ஆசிரியருக்குத் தெரியாத நோய்தான் ஆபத்தான நோய். அதேபோல், முகாம் நாள்களில் மாதவிலக்கு வரக்கூடும் என்றால் என்ன செய்ய வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை அம்மாவோ அக்காவோ முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிட வேண்டும். சைவ உணவு உண்ணும் வீடாக இருந்தாலும், புரட்டாசி விரதம் குறுக்கிட்டாலும் ஒரு வாரத்துக்கு முன்பே ஆசிரியரிடம் சொன்னால் ஏற்பாடு செய்ய வழி கிடைக்கும். அன்று காலையில் சொன்னால் பிள்ளை வெறும் சோறும் முட்டையும்தான் சாப்பிடும்.

பிறகு தொலைபேசி. இரண்டாம் இரவு, பெரும்பாலும் எல்லாப் பிள்ளைகளும் அழும். ‘அம்மா, என்னைக் கூட்டிட்டுப் போங்க’ என்று குரல் உடையும். உடனே மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். உடம்புக்கு ஏதுமா, யாராவது தொந்தரவு செய்கிறார்களா என்று கேளுங்கள். ஆம் என்றால் அந்த நிமிடமே கிளம்புங்கள். இல்லை, வீட்டு நினைப்புத்தான் என்றால், காலையில் பேசலாம் என்று ஆறுதல் சொல்லுங்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை முன்கூட்டியே பிள்ளையோடு பேசி வைத்திருந்தால், அந்த இரவு எளிதாகக் கழியும்.

நியாயமான அச்சங்கள்

பெற்றோரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அப்பாவின் பயம் முட்டாள்தனமானது என்று அன்று நினைத்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை. பெண்பிள்ளை இரவு எங்கே தூங்கும், சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்பது அன்பின் கேள்வி. தவறு கேள்வியில் இல்லை. கேட்பதற்கு ஆள் இல்லாததால், கேள்வியே பதிலாகிப்போனதுதான் தவறு.

‘படிப்பு கெட்டுவிடும்’ என்பது இன்னொரு கவலை. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடும் புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடும் ஒதுக்கப்படுவது இக்கட்டுரையை வாசிக்கும் அனைவருக்கும் தெரியும். ஒரு புள்ளியின் பின்னத்தில் விரும்பிய துறையை இழந்த நண்பர்கள் நம்மிடையே எத்தனை பேர்! ஆயினும், புள்ளிக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. நான்கு இனப் பிள்ளைகளோடு ஒரே மண்டபத்தில் வாசித்து, ஒரே சட்டியில் சாப்பிட்ட அந்த நான்கு நாள்கள்தாம் பிற்காலத்தில் பல்கலைக்கழக விடுதியில் எனக்குக் கைகொடுத்தன.

பணமும் ஒரு தடைதான். மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில் முகாம் கட்டணம் சிறிய தொகையன்று. தவணையாகக் கட்ட முடியுமா என்று கேட்க நம் பெற்றோர் கூச்சப்படுகிறார்கள். பணம் இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, ‘எங்கள் பிள்ளைக்கு ஆர்வம் இல்லை’ என்று சொல்லிவிடுகிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

நாம் செய்யக்கூடியது

1981-இல் தொடங்கப்பட்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் இயங்கிவரும் நுண்கலைக் கோயிலின் வாசலில் நடன வகுப்பு முடியும்வரை காத்திருக்கும் தாய்மார்களைப் பார்த்திருப்பீர்கள். மகளின் அரங்கேற்றம் என்றால் குடும்பமே ஓராண்டு தயாராகிறது. அதே தாய்மார்கள் முகாமுக்கும் தயாராக மாட்டார்களா? கட்டாயம் தயாராவார்கள். என்னவென்று யாராவது சொன்னால் போதும்.

ஆகவே, என் பரிந்துரை எளிமையானது. முகாமுக்கு இரண்டு வாரத்துக்கு முன், ஒரு மணி நேரக் குடும்பக் கூட்டம் நடக்கட்டும். பொறுப்பாசிரியர் இருக்கட்டும், தமிழில் விளக்க முன்னாள் மாணவர் ஒருவர் இருக்கட்டும். எங்கே தூங்குவார்கள், என்ன சாப்பிடுவார்கள், யாரை அழைப்பது ஆகிய மூன்று கேள்விகளுக்கும் தாளில் பதில் இருக்கட்டும். கூட்டத்துக்கு வர முடியாத, இரவு வேலைக்குப் போகும் பெற்றோரை வீட்டுக்கே சென்று பார்க்கலாம். தன்முனைப்பு முகாம்களுக்கும் இலவச டியூஷனுக்கும் வார இறுதிகளை ஒதுக்கும் நம் மொழிக்கழக உறுப்பினர்களுக்கு இது பெரிய சுமையன்று.

கடந்த ஆண்டு, விலகிப்போன அந்தத் தோழி எனக்கு ஒரு படம் அனுப்பினாள். அவளுடைய அக்கா மகள் படிவம் 1, மேளம் அடிக்கிறாள். படத்தில் இருந்தது அதே மாதிரி ஓர் அனுமதிக் கடிதம். “அக்கா விடமாட்டேங்குறா. நீ வந்து பேசுறியா?” என்று கேட்டிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை போனேன். தேநீர் வந்தது. அவளுடைய அக்கா கேட்ட முதல் கேள்வி, “கதவுச் சாவி யாருகிட்ட இருக்கும்?” என்பதுதான்.

எனக்குத் தெரியவில்லை. அங்கேயே ஆசிரியருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டுச் சொன்னேன். பிள்ளை முகாமுக்குப் போய் வந்தாள். உங்கள் தாமானிலும் இந்த விடுமுறையில் ஏதோ ஒரு வீட்டுத் தொலைக்காட்சியின் பக்கத்தில் ஒரு கடிதம் மடித்து வைக்கப்பட்டிருக்கும். தயவுசெய்து ஒரு மாலைப் பொழுதை அந்த வீட்டுக்கு ஒதுக்குங்கள்.