ஒரே மரம், பல ஞாயிறுகள்

சிட்னிக்கு மேற்கே நீலமலையிலுள்ள கட்டூம்பா ரயில் நிலையத்திலிருந்து எக்கோ பாயிண்ட் வரை நடந்தால் அரை மணி நேரம். வார இறுதியில் அந்தச் சாலையில் தமிழ்க் குரல் கேட்காமல் இருக்காது. சிட்னியின் வெஸ்ட்மீட், டூங்காபி, பாராமட்டா பக்கமிருந்து புளியோதரைப் பொட்டலத்தோடு குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ‘மூன்று சகோதரிகள்’ பாறைக்கு முதுகைக் காட்டி நின்று நாலைந்து படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஊரில் இருக்கும் பாட்டிக்குப் பேரப்பிள்ளைகளின் முகம் வேண்டும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல கேமராவும் ஆர்வமும் உள்ளவர்கள்கூட ஒரு முறை வந்து, ஒரு சூரிய உதயத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த இடம் தேடிப் போய்விடுவதுதான் எனக்கு வருத்தம். பொழுதுபோக்காகப் படம் எடுப்பவருக்குத் தொழில்முறைக்காரருக்கு இல்லாத வசதி ஒன்று இருக்கிறது. அவருக்குக் கெடு கிடையாது. ஒரே இடத்துக்குப் பத்து வருடம் போகலாம். ஆஸ்திரேலிய மலைகளுக்கு உண்மையில் உதவிய கேமராக்கள் அப்படித் திரும்பத் திரும்பப் போனவைதான்.

ஒலெகாஸ் ட்ருச்சானாஸின் கதையை இங்குள்ள ஒவ்வொரு தமிழரும் அறிய வேண்டும். 1923இல் லிதுவேனியாவில் பிறந்தவர். போரில் நாட்டை இழந்து 1948இல் டாஸ்மேனியாவுக்கு வந்தார். பின்னர் அந்த மாநிலத்தின் நீர்மின் ஆணையத்தில் குமாஸ்தா வேலை. விடுப்பு கிடைத்தால் போதும், கேமராவோடு தென்மேற்கு மலைக்காட்டுக்குள் போய்விடுவார். 1967 பிப்ரவரியில் ஹோபார்ட்டைச் சூழ்ந்த காட்டுத்தீயில் அவர் வீடும், ஆண்டுக்கணக்கில் சேர்த்த ஸ்லைடுகளும் எரிந்தன. அவர் மறுபடி அதே மலைகளில் ஏறினார், அதே ஆறுகளில் இறங்கினார். தான் சம்பளம் வாங்கிய ஆணையமே பெடர் ஏரியை அணைநீரில் மூழ்கடிக்கத் திட்டமிட்டபோது, நகர மண்டபத்தில் அந்த ஏரியின் ஸ்லைடுகளைத் திரையிட்டு மக்களுக்குக் காட்டினார். ஏரியைக் காப்பாற்ற முடியவில்லை. 1972இல் அது மூழ்கியது. அதே ஆண்டு ஜனவரியில், எரிந்துபோன படங்களுக்கு ஈடாகப் புதியவை எடுக்கப் போன கார்டன் ஆற்றிலேயே அவரும் மூழ்கி இறந்தார்.

அவரைக் குருவாகக் கொண்டவர் பீட்டர் டோம்ப்ரோவ்ஸ்கிஸ். லாட்வியப் பெற்றோருக்கு ஜெர்மனியில் பிறந்து, சிறு பையனாகத் தாயோடு டாஸ்மேனியா வந்தவர். பிராங்க்ளின் ஆற்றின் வளைவு ஒன்றைப் பனிமூட்டத்தில் அவர் எடுத்த படம், 1983 தேர்தலின்போது சிட்னி, மெல்பன் நாளிதழ்களில் முழுப் பக்க வண்ண விளம்பரமாக வந்தது. அந்த ஆற்றை மூழ்கடிக்கும் அணையைக் கட்டுவதைத் தடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு என்று 1983 ஜூலை 1இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அணைத் திட்டம் நின்றது. ஒரு படம் மட்டும் அதைச் செய்துவிடவில்லை. போராடிக் கைதான ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். ஆனாலும் அந்த ஆற்றைக் கண்ணால் காணாத நகரவாசிக்கு அது இன்னதென்று காட்டியது அந்தப் படம்தான்.

அதே ஜூலையின் கடைசி வாரத்தில்தான் கொழும்பில் தமிழருக்கு எதிரான வன்முறையில் நம்மவர் வீடுகள் எரிந்தன. கல்யாண ஆல்பமும், அப்பாவின் ஒரே புகைப்படமும் அதோடு போயின என்று சொல்பவர்கள் சிட்னியிலும் மெல்பனிலும் இன்றும் இருக்கிறார்கள். எரிந்த படத்தின் அருமை நமக்குத் தெரியாதது அல்ல. ட்ருச்சானாஸ் ஏன் மறுபடி ஆற்றில் இறங்கினார் என்பதை மற்றவர்களைவிட நாம் எளிதில் புரிந்துகொள்ளலாம்.

நீலமலை 2000இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2019-20 கோடையில் அந்தப் பாரம்பரியப் பரப்பில் ஏறக்குறைய 80 சதவீதம் எரிந்தது. அடுத்த குளிர்காலத்தில் பிளாக்ஹீத் பக்கம் கருகி நின்ற ஒரு யூகலிப்டஸ் மரத்தைப் படமெடுத்தேன். தொட்டால் கை கரியானது. பட்டையின் வெடிப்புகளில் மட்டும், நகக்கண் அளவில், செம்பு நிறத் துளிர்கள். ஆறு மாதம் கழித்துப் போனபோது அடியிலிருந்து உச்சிவரை தண்டை இலை போர்த்தியிருந்தது, பச்சைக் கம்பளி உடுத்தியதுபோல. இப்போது கிளைகள் விரிந்து, கருமை அடிமரத்தில் மட்டும் மிச்சமிருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் ஒன்றுகூடப் பரிசு வாங்கும் படமில்லை. வரிசையாக வைத்தால் அது ஒரு மரத்தின் வரலாறு.

தீக்கு அடுத்த கோடையில் இளஞ்சிவப்பு ஃபிளானல் பூ மலைமுகடுகளில் பரவலாகப் பூத்தது. அதன் விதை பல ஆண்டுகள் மண்ணுக்குள் உறங்கி, தீயின் புகையும் பின்னால் மழையும் வந்தால்தான் விழிக்கும். தீக்குப் பின் எது முளைத்தது, எது திரும்பவில்லை என்பதை ‘ஐநேச்சுரலிஸ்ட்’ தளத்தில் பொதுமக்கள் தேதியோடு பதிவேற்றிய படங்களிலிருந்து நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொகுத்தார்கள். இத்தனை பெரிய பரப்பைச் சில ஆய்வாளர்கள் மட்டும் நடந்து பார்த்துவிட முடியாது.

கேமரா கெடுப்பதும் உண்டு. வெண்ட்வொர்த் ஃபால்ஸ் அருகே, தடுப்பே இல்லாத லிங்கன்ஸ் ராக் என்ற பாறை விளிம்பு சமூக ஊடகப் படங்களால் பெயர் பெற்றது. கூட்டம் பெருகி, பாதுகாப்பு கருதி 2025இல் நகராட்சி அதை மூடிவைக்க வேண்டியதாயிற்று. 1994இல் வொல்லமி பைன் மரங்கள் கண்டுபிடிக்கப்பட்ட பள்ளத்தாக்கின் இடம் இன்றுவரை ரகசியமாக வைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. காலணியில் ஒட்டிவரும் மண்ணிலுள்ள நோய்க்கிருமி ஒன்றே அந்த மரங்களைக் கொல்லப் போதும். அரிய மலர், கூடு, குகை எதுவானாலும் படத்தைக் காட்டுங்கள், இடத்தைக் காட்டாதீர்கள். கைப்பேசியில் இடப்பதிவை நிறுத்திவிட்டு எடுப்பது இங்கே அடிப்படை ஒழுக்கம் என்றே சொல்வேன்.

காட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் படமெடுக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன், தானே பாகங்களைச் சேர்த்து அமைத்த கேமராவில் கறுப்பு வெள்ளையில் முதுமலை யானைகளைப் படமெடுத்தவர். ஒரு விலங்கை அதன் வாழிடத்தோடு சேர்த்தே காட்ட வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அவர் நடந்த நீலகிரிக்கும் சிட்னியின் நீலமலைக்கும் பெயர்ப் பொருள் ஒன்றுதான். ஆஸ்திரேலியாவிலிருந்து போன யூகலிப்டஸ் அங்கே புல்வெளிகளை விழுங்கியது. அதன் உறவு மரங்களின் எண்ணெய் ஆவிதான் இந்த மலைக்கு நீலம் தருகிறது என்பார்கள். யூகலிப்டஸைச் சொந்த மண்ணில் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது.

பொங்கல் விழாவில் புகைப்படப் போட்டி நடத்தும் நம் சங்கங்களிடம் ஒன்று கேட்கிறேன். ‘சிறந்த படம்’ என்ற பரிசோடு இன்னொன்றையும் வையுங்கள்: ஒரே இடத்தை மாதம் ஒரு முறையாக ஓராண்டு எடுத்த பன்னிரண்டு படங்கள், ஒவ்வொன்றின் கீழும் தேதியும் அன்று கண்டது பற்றித் தமிழில் இரண்டு வரியும். சிட்னிக்காரர்களுக்கு நீலமலை, மெல்பன்காரர்களுக்கு டான்டெனாங் மலை. இரண்டுக்கும் ரயில் போகிறது.