வினாத்தாளில்லாத் தேர்வு

பெயருக்கு முன்னே 'கலாநிதி' என்னுஞ் சொல்லைக் கண்டதும், அவர் ஏனையோரினும் மூன்று நான்கு தேர்வுகளில் மிகுதியாகச் சித்தியெய்தியவர் என்றே நம்மவருட் பலர் எண்ணுகின்றனர். பொறியியல் கற்கச் செல்லும் மாணவரிடத்தும் இவ்வெண்ணமே காணப்படுகின்றது. இது பொருந்தாதென்பது நம் கருத்து.

அமெரிக்காவிலுள்ள ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் குடிசார், சுற்றாடற் பொறியியற்றுறையை எடுத்துக்கொள்வோம். கட்டடம், குடிநீர், கழிவுநீர் முதலியன இத்துறைக்குரியன. அங்கே கலாநிதிப் பட்டத்துக்குக் குறைந்தது 135 அலகுகள் வேண்டும். முதுமாணிப் படிப்பிற் பெற்ற 45 அலகுகள்வரை அதனுள் அடங்கலாம். தகுதித் தேர்வும் ஒன்றுண்டு. இவ்வளவும் விடாமுயற்சியுள்ள எவர்க்குங் கைகூடும். நம் மாணவர் இவற்றிற் பின்னிற்பாரல்லர். ஆனால், எஞ்சிய தேர்வுக்கு வினாத்தாள் இல்லை. வினாவை மாணவனே கண்டுபிடித்தல் வேண்டும். முன்னர் எவரும் விடைகூறாத வினாவாகவும் அஃது இருத்தல் வேண்டும். கண்ட விடையை ஆய்வேடாக எழுதி, ஒரு குழுவின் முன்னே வாய்மொழியாகவும் நிலைநாட்டல் வேண்டும். அக்குழுவின் தலைவர் வேறொரு துறையைச் சேர்ந்தவராயிருத்தல் வேண்டுமென்பது விதி. நல்ல விதி! பிறதுறையார்க்கு விளங்க உரைக்கமாட்டாதவன் தான் விளங்கிக்கொண்டானோ என்பது ஐயமன்றோ?

கேம்பிறிட்ஜிலும் ஆய்வேடும் வாய்மொழித் தேர்வுமே பட்டத்தைத் தீர்மானிக்கின்றன. பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராய் விளங்கிய பேராசிரியர் அ. துரைராசா அவர்கள் அங்கு ஆராய்ந்தது மண்ணை. பாரம் ஏறுங்கால் மண் எவ்வாறு நெகிழ்கின்றது என்பதே வினா. றொஸ்கோ, ஸ்கோபீல்ட் என்பாருடன் அவர் 1963இல் வெளியிட்ட கட்டுரையை மண் பொறியியலாளர் இன்றும் எடுத்தாளுகின்றனர்.

நம் நாட்டு வகுப்பறைகளிலோ, பழைய வினாத்தாள்களைக் கரைத்துக் குடித்தவனே கெட்டிக்காரன். "இஃது ஏன் இவ்வாறு?" என்று கேட்பவன், பாடத்துக்குப் புறம்பாகப் பேசுகின்றான் என்று இருத்தப்படுகின்றான். கணிதத்தில் வல்லவனுக்குத் தமிழ்க் கட்டுரை எதற்கு என்று வினவும் பெற்றோரும் உளர். ஆய்வேட்டை ஆங்கிலத்திலேயே எழுதினும், கருத்தை முறைப்பட அடுக்கும் பயிற்சியைத் தாய்மொழிக் கட்டுரையிலன்றோ மாணவன் முதலிற் பெறுகின்றான்?

வினாவுக்கோ இங்குப் பஞ்சமில்லை. இக்குடாநாட்டிற் சுண்ணக்கற் படையிலுள்ள நீரையே நாம் கிணறுகளில் அள்ளுகின்றோம். தோட்டங்களுக்கு இடும் பசளையும் மலகூடக் குழிகளின் கழிவும் கசிந்து, அந்நீரில் நைத்திரேற்று மிகுவதை ஆராய்ச்சியாளர் பலகாலமாக எடுத்துக்காட்டி வருகின்றனர். எந்தக் கிணற்றில் எம்மாதத்தில் மிகுகின்றது? ஏழைக் குடும்பமொன்று அதனைக் குறைந்த செலவில் நீக்குவது எங்ஙனம்?

பழைய மாணவர் சங்கத்தாரிடம் ஒன்று கேட்கின்றோம். ஆண்டுதோறும் வழங்கும் பரிசுகள் பெரும்பாலும் உயர்ந்த புள்ளிகளுக்கே செல்கின்றன. அவற்றுள் ஒன்றையேனும், தன் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை ஓராண்டு அளந்து, கண்டதைச் செவ்விய தமிழில் எழுதித்தரும் மாணவனுக்கு ஒதுக்கலாகாதா?