அம்மா சொன்னால் சரியா? சைன் டெஸ்ட் போட்டுப் பார்த்தோம்

போன சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனால் குசினியில் சண்டை. மருமகள் ஏ லெவல் உளவியல் எழுதப்போகிறாள். மொக் சோதனையில் ஆய்வு முறைகள் பகுதி காலை வாரிவிட்டது. ஹெட்ஃபோன்தான் குற்றவாளி என்று அக்கா தீர்ப்பே சொல்லிவிட்டா. "பாட்டுக் கேட்டுக்கொண்டு படிச்சா மண்டையில ஏறுமே?"

விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். ஏகியூஏ பாடத்திட்டத்தில் இரண்டாம் தாளின் 96 புள்ளிகளில் 48 இந்தப் பகுதிக்குத்தான். வரைவிலக்கணம் எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கேள்வியில் தந்த ஆய்வைத் தொடாமல் பொதுவாகவே எழுதியிருந்தாள். புள்ளி போனது அங்கேதான்.

"அப்ப அம்மா சொன்னதையே ஆய்வாக்குவம்" என்றேன்.

அம்மம்மா உட்பட வீட்டில் 10 பேர். ஆளுக்கு 20 சொற்கள் கொண்ட இரண்டு பட்டியல்: ஒன்றைப் பாட்டோடும் மற்றதை அமைதியிலும் பாடமாக்க வேண்டும். எல்லாரும் பாட்டோடு தொடங்கினால், இரண்டாவது முறை பழக்கமோ களைப்போ முடிவை மாற்றிவிடும். அதனால் 5 பேர் பாட்டில் தொடங்கினோம், 5 பேர் அமைதியில். புத்தகத்தில் கவுண்டர்பாலன்சிங் என்று பாடமாக்கியது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. "மாமா, ரெண்டு பட்டியலும் ஒரே அளவு கஷ்டமா?" என்று அவளே கேட்டாள். பரீட்சையில் தேடுவதும் இந்த யோசனையைத்தான்.

அமைதியில் 7 பேருக்குக் கூட வந்தது, பாட்டோடு 2 பேருக்கு, ஒருவருக்குச் சமன். அக்கா முகத்தில் வெற்றிச் சிரிப்பு.

மருமகள் கணக்குப் போட்டாள். சமனை நீக்கினால் 9 பேர். குறைவாக வந்த குறி 2. 0.05 மட்டத்தில் அது 1 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். "அம்மா, நொட் சிக்னிஃபிகன்ட்!"

"அப்ப பாட்டுக் கேக்கலாமோ?"

"அப்பிடியும் சொல்லேலாது. 10 பேர்தானே. உங்கட பக்கம் நிரூபணமாகேல்லை, அவ்வளவுதான்."

எனக்கும் சுருக்கென்றது. அலுவலகத்தில் ஏ/பி டெஸ்ட் முடிவைச் சின்ன மாதிரியில் நம்பாதவன், வீட்டில் என்ன செய்கிறேன்? யாரோ ஒரு பிள்ளை விடிய 5 மணிக்கு எழும்பிப் படித்து மெடிசினுக்குப் போனது என்று கேட்டதும், என் மகனுக்கும் அலாரம் வைத்தேன். மாதிரி அளவு: 1.

உங்கள் பிள்ளையும் இந்தப் பகுதியில் தடுமாறினால், வீட்டுச் சண்டை ஒன்றை எடுத்து ஆய்வாக்கிப் பாருங்கள். தோற்கவும் தயாராக இருங்கள்.

அக்கா இன்னும் விடவில்லை. அடுத்த கல்யாண வீட்டில் 100 பேரைப் பிடிக்கப் போகிறாவாம்.