மலிவாய் ஒரு வான்

எல்கடுவையில் என்னோடு படித்த நண்பர் ஒருவரின் மகன் சென்ற மாதம் என்னைத் தேடி வந்தான். சுற்றுலாப் பயணங்களுக்கு ஓட்ட ஒரு பழைய வான் வாங்க வேண்டுமாம். ஹுனாஸ் நீர்வீழ்ச்சி பார்க்க வருகிறவர்கள், மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்குப் போகும் தோட்டத்துக் குடும்பங்கள், கதிர்காம யாத்திரை என்று வருமானத்துக்கு வழி இருக்கிறது. முதற்பணம் தகப்பனாரின் சேமலாப நிதி. மீதி லீசிங்.

இரண்டு இடங்களில் விலை கேட்டிருந்தான். கொழும்புப் பக்கத்து விற்பனை நிலையம் ஒன்றில் இருப்பது மூன்று இலட்சம் ரூபா குறைவு. மாத்தளையில் ஒருவர் சொன்ன விலை அதிகம். ஆனால் அவருக்குச் சொந்தமாக ஒரு கராஜ் உண்டு. "மூன்று இலட்சத்தை எதற்கு மாமா சும்மா கொடுக்க வேண்டும்?" என்றான். நியாயமான கேள்விதான்.

வத்தேகமையிலிருந்து எல்கடுவைக்கு ஏறுகிற பாதையை அறிந்தவர்களுக்கு, அங்கே ஒரு வானின் பிரேக்கும் கிளச்சும் என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை. வண்டி பழுதடைந்தால் கொழும்புக்காரர் மலையேறி வரப்போவதில்லை. நாம்தான் இழுத்துக்கொண்டு போக வேண்டும். வான் பதினைந்து நாள் கராஜில் நின்றால் பயணக் கூலி இல்லை. லீசிங் தவணையோ நிற்காது. இரண்டு மூன்று தவணை தவறினால் வண்டியையே கொண்டு போய்விடுவார்கள். தகப்பனார் தேயிலை மலையில் உழைத்துச் சேர்த்த பணமும் அதோடு போய்விடும். அந்த மூன்று இலட்சத்தை இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

1970ஆம் ஆண்டு அமெரிக்கப் பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லொஃப் பழைய கார்ச் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். வண்டியின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் சராசரி விலைக்கு மேல் கொடுக்க அஞ்சுகிறான். அந்த விலைக்கு நல்ல வண்டியை எவனும் விற்கமாட்டான். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது ஓட்டை வண்டிகள். மூன்று ஆய்விதழ்கள் திருப்பியனுப்பிய பின்னரே அது அச்சேறியது. (எத்தனையோ கட்டுரைகளைத் திருப்பியனுப்பிய எனக்கு இதைப் படித்தபோது சற்றுக் கூச்சமாக இருந்தது.) 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டில் நிலைமை இன்னும் மோசமாயிற்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகள், புதிதாய் வாங்கிய விலையையும் தாண்டி விற்றன. தேடி அலுத்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள். ஓடிய தூரம் காட்டும் மீற்றரைப் பின்னோக்கித் திருப்பும் கலை அப்போது நன்கு செழித்தது.

இவ்வளவும் சொன்னதால் விலை கூடிய இடமே நல்ல இடம் என்று நான் வாதிடவில்லை. இளமையில் நானே ஒரு பெரிய நிலையத்தில் கூடுதல் விலை கொடுத்து மோட்டார் சைக்கிள் வாங்கி ஏமாந்தவன். வாங்குகிற நாளில் தேநீர் கிடைத்தது. இரண்டாம் மாதம் போனபோது என் முகமே அவர்களுக்கு நினைவில்லை. சேவை என்பது விளம்பரப் பலகையில் எழுதிய சொல்லாக மட்டும் இருந்தால் அதற்குக் கொடுக்கும் பணம் வீண்.

ஆகவே பையனிடம் சொன்னேன்: உனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போ. செஸி இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார். வண்டியை ஏற்றத்தில் ஓட்டிப் பார், கண்டி வீதியின் சமதரையில் அல்ல. இத்தனை மாதம் இன்னின்ன பழுதைத் தாமே பார்ப்பதாக விற்பவர் எழுதிக் கையொப்பமிடட்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடப் போனாலும் கையில் அப்படி ஒரு தாள் இருப்பது நல்லது. வாய்ச்சொல்லை எந்த மேசையிலும் வைக்க முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, மாத்தளைக்காரரிடம் இரண்டு மூன்று வருடங்களுக்கு முன் வண்டி வாங்கிய மூவரின் பெயரைக் கேட்கச் சொன்னேன். நேற்று வந்து சொன்னான்: அவர் முகம் சுளிக்கவில்லையாம், இருவரின் தொலைபேசி எண்ணை உடனே தந்தாராம். மூன்றாவது ஆள் ரத்தோட்டையில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் நேரே போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம்.