முகவரியும் முத்திரையும்

அண்மையில் ஹற்றனுக்கு அருகே தோட்டப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் குறைப்பட்டுக்கொண்டார். அவரும் சக ஆசிரியர்கள் சிலரும் சேர்ந்து, உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்குப் புத்தகமும் பஸ் கட்டணமும் கொடுத்துதவும் சிறு அமைப்பொன்றை நடத்தி வருகிறார்கள். சொந்தப் பெயரில் இணையத்தளமும் மின்னஞ்சல் முகவரியும் உண்டு. கனடாவிலும் இங்கிலாந்திலும் உள்ள ஆதரவாளர்களுக்கு அனுப்பிய மடலுக்கு நாலைந்து பேரே பதில் எழுதினார்களாம். "எங்களை மறந்துவிட்டார்கள்" என்றார்.

டொரன்டோவில் எனக்குத் தெரிந்த ஆதரவாளர் ஒருவரைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். மடல் எரிதப் பெட்டியில், மருந்து விளம்பரங்களுக்கும் பரிசுச் சீட்டு மோசடிகளுக்கும் நடுவே கிடந்தது. அவர் மறக்கவில்லை, மடல்தான் அவரைச் சேரவில்லை. அதற்குள் பாடசாலையில் ஒரு தவணை முடிந்துவிட்டது.

மலையகத்துக்கும் கடிதத்துக்கும் உள்ள இந்தச் சிக்கல் பழையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து தொழிலாளரைக் கொண்டுவந்தபோது, ஒவ்வொருவருக்கும் ஒரு தகரத் துண்டு கொடுக்கப்பட்டது. சேர வேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எண் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. வழிச்செலவுக் கணக்கு அந்தத் தோட்டத்துக்குப் போகும். பார்சலில் விலாசம் எழுதுவது போல மனிதருக்கு விலாசம் கட்டி அனுப்பினார்கள். ஆனால் வந்து சேர்ந்தவருக்கென்று சொந்த விலாசம் கிடைக்கவில்லை. தப்பால்காரர் சுமந்து வரும் பை தோட்டத்து ஆபீசுக்கே போனது. இன்றும் பல தோட்டங்களில் லயத்துக் குடும்பங்களுக்கு வீட்டு எண்ணோ வீதிப் பெயரோ கிடையாது. தோட்டத்தின் பெயரும் டிவிசனின் பெயருமே விலாசம். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு ஆபீசில் கிடந்து, நாள் கடந்த பின் கைக்கு வந்த கதையை மலையகத்தில் பலரும் சொல்வார்கள்.

மின்னஞ்சல் இந்த ஆபீசைத் தாண்டிப் போகும் என்று நம்பினோம். ஆனால் அங்கும் ஒரு வாசல் இருக்கிறது.

மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் அடிப்படை நெறிமுறை 1982ல் எழுதப்பட்டது. ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்களின் உலகம் அது. அனுப்புநர் இடத்தில் யாரும் யார் பெயரையும் எழுதலாம், சரிபார்ப்பவர் இல்லை. மோசடிக்காரர்கள் இந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அதை அடைக்கவே மூன்று ஏற்பாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

பத்திரிகையில் ஆசிரியர் கடிதங்களைப் பார்த்த அனுபவம் இதை விளங்கிக்கொள்ள எனக்கு உதவியது. பெயரும் முகவரியும் இல்லாத கடிதத்தைப் பிரசுரிக்க மாட்டோம். அதில் எழுதியிருப்பது பொய் என்பதாலன்று. யார் பொறுப்பு என்று தெரியாததால்தான்.

முதலாவது எஸ்.பி.எஃப். 'எங்கள் பெயரில் மடல் அனுப்ப உரிமையுள்ள வழங்கிகள் இவை' என்று உங்கள் டொமைனின் டி.என்.எஸ். பதிவில் ஒரு வரி எழுதி வைப்பது. எங்கள் கடிதத்தை இந்தத் தப்பால்காரர் மட்டுமே கொண்டுவருவார் என்று முன்கூட்டியே அறிவிப்பதற்கு ஒப்பானது. இரண்டாவது டி.கே.ஐ.எம். ஒவ்வொரு மடலிலும் இரகசியச் சாவியால் இடப்படும் அரக்கு முத்திரை. அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி டி.என்.எஸ்.இல் இருக்கும், வழியில் யாராவது மடலைத் திருத்தினால் முத்திரை பொருந்தாது. மூன்றாவது டிமார்க். வாசகர் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் பெயரோடு இவ்விரண்டில் ஒன்றாவது பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லி, பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்பதையும் அது சொல்கிறது: சும்மா விடு, ஒதுக்கி வை, நிராகரி. உங்கள் பெயரில் யார் யார் அனுப்புகிறார்கள் என்ற அறிக்கையும் உங்களுக்கு வரும்.

2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு மடல் அனுப்பும் எல்லோருக்கும் முதலிரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். நாளொன்றுக்கு 5000க்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் வேண்டும். நண்பரின் அமைப்பு நூறு மடல்கூட அனுப்புவதில்லை. ஆனால் இணையத்தளம் செய்து கொடுத்தவர் இவை எதையும் அமைக்கவில்லை.

ஒரு பிற்பகலில் வேலை முடிந்தது. செலவும் இல்லை. பிறருக்கும் உதவும் என்பதால் சில குறிப்புகள்: எஸ்.பி.எஃப். வரி ஒரு டொமைனுக்கு ஒன்றே இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் இரண்டுமே பயனற்றுப் போகும். டிமார்க்கை முதலில் 'சும்மா விடு' என்ற நிலையில் வைத்து, சில வாரங்கள் அறிக்கைகளைப் படித்த பின்னரே இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் நமது மடல்களை நாமே நிராகரிக்கச் சொன்னதாகிவிடும். இலவச ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு, வேறு நிறுவனத்தின் சேவை வழியாகக் கூட்டமாக மடல் அனுப்பக் கூடாது. அந்தப் பெயருக்கு முத்திரை குத்தும் உரிமை நமக்கு இல்லை.

நண்பருக்கு ஒரு கோபம் இருந்தது. "அந்தக் காலத்தில் துண்டு இல்லாமல் அடுத்த தோட்டம் சேர்க்காது. இப்போது கூகுளுக்குத் துண்டு காட்ட வேண்டுமா?" என்றார். துண்டு என்பது தொழிலாளியின் கடனைத் தீர்த்தால் அவரை விடுவிப்பதாகத் துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு. 1921ல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கோபத்தில் பாதி நியாயம் உண்டு. முத்திரை சரியாக இருந்தும் மடலை எந்தப் பெட்டியில் போடுவது என்ற கடைசி முடிவு சில பெரிய நிறுவனங்களின் கையில் இருக்கிறது. காரணம் கேட்க வழியில்லை. மோசடிக்காரரும் முத்திரை வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. துண்டு துரையின் கையில் இருந்தது. இந்தச் சாவி நம் கையில் இருக்கிறது. வெளியூரில் உள்ளோரை நம்பி நடக்கும் சிறு அமைப்புகள், வாசிகசாலைகள், பழைய மாணவர் சங்கங்கள் இதைச் செய்யாமல் விடுவது, கையெழுத்திடாமல் விண்ணப்பம் அனுப்புவது போன்றது.

லயத்து வீட்டுக்கு எண் கொடுத்து, கடிதத்தை அதன் வாசலுக்கே கொண்டுவருவதற்கு அரசும் தபால் திணைக்களமும் தோட்ட நிர்வாகங்களும் மனம் வைக்க வேண்டும். அதை விடாமல் கேட்டுக்கொண்டே இருப்போம். மின்னஞ்சலுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நண்பர் மடலை மறுபடி அனுப்பினார். டொரன்டோ ஆதரவாளருக்கு இம்முறை உள்பெட்டியிலேயே கிடைத்தது. அடுத்த தவணைக்கான பஸ் கட்டணத்தை அன்றிரவே அனுப்பிவிட்டாராம்.