சாகப்போகும் மாட்டுக்குச் சௌகரியமா?

"எப்படியும் சாகப்போகிற மாடுதானே, அதற்கென்ன சௌகரியம் வேண்டிக் கிடக்கிறது?" என்று புலால் உண்போரும் உண்ணாதோரும் பேதமின்றிச் சொல்லிவரும் வார்த்தை, கேட்பதற்கு விவேகம் போலத் தோன்றினும், சற்று யோசித்தால் யுக்தியற்றதென்றே புலப்படும். மரணம் நிச்சயம் என்பதனால் அதற்கு முந்திய வேதனை கணக்கில் சேராது என்பது நியாயமானால், மனிதருக்கு வைத்தியசாலைகளே வேண்டியதில்லை.

பொள்ளாச்சிச் சந்தையில், துண்டுக்குள் விரல் பிடித்துத் தரகர்கள் விலை முடித்தபின், பால் வற்றிய பசுக்களும் உழுது ஓய்ந்த எருதுகளும் லாரியிலே நெருக்கி ஏற்றப்பட்டு, மூக்கணாங்கயிறு குறுக்கிக் கட்டியிருப்பதால் தலையைத் திருப்பவும் இயலாமல், தண்ணீரின்றிக் கேரளத்து இறைச்சிக்கூடங்களுக்குப் பிரயாணம் செய்கின்றன. களைத்துப் படுத்ததை எழுப்ப வாலை முறிப்பதும் கண்ணில் மிளகாய் தேய்ப்பதும் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் புகார்கள். புலால் தொடாத எனக்கு இதில் என்ன சம்பந்தம் என்று காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்பவர்கள், அந்தக் காப்பிக்குப் பால் கறந்த பசு, கறவை நின்றபின் எங்கே போயிற்று என்பதையும் விசாரிக்கலாம்.

கருணை வேண்டாம், லாபமே போதும் என்பாருக்கும் இதில் நஷ்டமே. பட்டினியாலும் பீதியாலும் தசையிலுள்ள கிளைகோஜன் என்னும் சத்து தீர்ந்துவிட்டால், அறுத்தபின் உண்டாக வேண்டிய அமிலம் போதிய அளவு உண்டாகாமல், இறைச்சி கறுத்து இறுகி, சீக்கிரம் கெட்டுப்போகிறது. கொலைக்கூடம் என்றாலே மிரட்சி இருக்கத்தானே செய்யும் என்பதும் சரியன்று. தொங்கும் சங்கிலி, தேங்கிய நீரில் மின்னும் ஒளி முதலிய அற்ப விஷயங்களே மாட்டை மிரட்டி நிறுத்துகின்றன என்றும், அவற்றை அகற்றிவிட்டால் பெரும்பாலும் அடியின்றியே அது நடந்து செல்லும் என்றும் அமெரிக்க நிபுணர் டெம்பிள் கிராண்டின் அம்மையார் எடுத்துக் காட்டியிருக்கிறார்.

நம் நாட்டில் விதிகளுக்குப் பஞ்சமில்லை. சரக்கு வண்டியொன்றில் ஆறு மாடுகளுக்குமேல் ஏற்றலாகாது என்பது 1978-ஆம் ஆண்டு விதி. அறுப்பதற்குமுன் 24 மணி நேர ஓய்வு தர வேண்டும், ஒரு பிராணியின் கண்ணெதிரே மற்றொன்றை அறுக்கலாகாது என்பன 2001-ஆம் ஆண்டு விதிகள். இவற்றுக்கெல்லாம் மூலமானதும், ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் மன்றாடியதன் பயனாகப் பிறந்ததுமான 1960-ஆம் ஆண்டுச் சட்டம், பிராணியை வதைத்தவனுக்கு முதற்குற்றத்துக்கு விதித்த அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை.